வாய்மைக்கு ஒரு வாய் வேண்டும்

உண்மை, வாய்மை, மெய்மை ஆகிய மூன்றும் ஒரே பொருள் தருவன என்று எண்ணியே நாம் வழங்கி வருகிறோம். உள்ளத்தில் பொய்யாமை உண்மை, வாயில் பொய்யாமை வாய்மை, மெய்யாகிய உடலில் பொய்யாமை மெய்மை என்று பள்ளியில் தமிழாசிரியர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மனத்தில் நன்கு பதியும் விளக்கம் அது. ஆயினும் சொல்லின் பிறப்பை நோக்கினால், உண்மை என்பது 'உள்' என்னும் அடியாகப் பிறந்தது, உள்ளதாம் தன்மை, அதன் எதிர்ச்சொல் இன்மை. எடுத்துரைப்பார் ஒருவருமே இல்லாவிடினும் உண்மை இருக்கும். காவிரியில் நீர் வந்ததும் வாராததும் உண்மை. வாய்மைக்கோ சொல்லும் வாய் ஒன்று வேண்டும். கேட்கும் செவியும் வேண்டும்.

திருவள்ளுவர் தம் நூலின் 30ஆம் அதிகாரத்தைக் கள்ளாமைக்கு அடுத்து வைத்து, அதற்கு வாய்மை என்றே பெயரிட்டார். (அது துறவறவியலில் இருப்பதால் இல்லறத்தார்க்கு உரியதன்று என எவரும் தப்பித்துக்கொள்ள வேண்டாம்!) நடந்ததை நடந்தவாறு கூறுவதே வாய்மை என்று அவர் இலக்கணம் வகுக்கவில்லை, பிறர்க்குச் சிறிதும் தீங்கில்லாத சொல்லே வாய்மை என்றார். அடுத்த குறளில், குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். புனித அகுஸ்தீனார் இதற்கு உடன்படார். எந்த நன்மையின் பொருட்டும் பொய்யுரைத்தல் ஆகாது என்பது அவர் முடிபு. நாமும் அவர் பக்கமே. எனினும், நம் சொல் அடுத்தவரை என்ன செய்கிறது என்னும் வள்ளுவரின் கேள்வியை நம்மால் தள்ளிவிட இயலவில்லை.

செபத்தின் முடிவில் நாம் சொல்லும் 'ஆமென்' எபிரேயச் சொல். உறுதியாய் நிற்றல், நம்பத்தக்கதாய் இருத்தல் என்னும் பொருளுடைய அடியிலிருந்து வந்தது. உண்மையைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும் அதே அடியிற் பிறந்ததே. ஒருவர் சாய்ந்துகொள்ளத் தாங்கும் சொல், அவ்வளவுதான்.

இனி நம் தஞ்சைத் தரணிக்கு வருவோம். இங்கே வாய்மொழிக் குத்தகை வெகு காலமாக நிலவுகிறது. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தும் அது ஒழியவில்லை. பயிர் அழுகினால் நிவாரணத்திற்கும், விளைந்தால் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்கும் சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். சிட்டாவில் இருப்பதோ நிலவுடையவர் பெயர். சேற்றில் இறங்கியவர் பெயர் அடங்கலில் ஏறவேண்டுமானால் நிலவுடையவர் ஒரு சொல் சொல்ல வேண்டும். 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை எண்ணி, நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று அவர் அஞ்சுகிறார். அந்த அச்சம் முற்றிலும் வீண் என்று நாம் சொல்லோம். அவர் பொய் எதுவும் கூறவில்லை. வாய் திறக்கவில்லை, அவ்வளவே. உழுதவர் யார் என்ற உண்மை ஊரெங்கும் கிடக்கிறது. வாய்மைதான் இல்லை.

நாம் அறிந்த பெரியவர் ஒருவர், ஐப்பசி மழையில் சம்பா மூழ்கிய ஓர் ஆண்டில், கிராம நிர்வாக அலுவலரிடம் தாமே நடந்து சென்றார். "விதையும் உரமும் அந்தப் பிள்ளை போட்டது, பணமும் அவனுக்கே போகட்டும்" என்று சொல்லி, எழுதியும் கொடுத்தார். அவருடைய மூத்த மகன் பொங்கல் வரை அவரோடு பேசவில்லை.