முதல் மினி டிராக்டர் வாங்கப் போறீங்களா? ஹெச்.பி-யைப் பார்க்குறதுக்கு முன்னாடி மணிக்கணக்கைப் போடுங்க!

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு நல்ல மழை பெய்து ஈரம் இறங்கிட்டா போதும்... மறுநாள் காலையில ஊர்ல இருக்கிற டிராக்டர்காரங்க போன் எல்லாமே பிஸிதான். மக்காச்சோளம் போடுறவங்களுக்கும் அன்னிக்கே உழவு வேணும், மரவள்ளி நடுறவங்களுக்கும் அன்னிக்கே வேணும். 'நாளைக்கு வர்றேன்'னு சொன்ன வண்டி நாலு நாள் கழிச்சு வரும்போது மண்ணுல பாதி ஈரம் போயிருக்கும். 'பேசாம நாமளே ஒரு சின்ன டிராக்டர் வாங்கிட்டா என்ன?' என்கிற எண்ணம் பெரும்பாலும் அந்த நாலு நாள்லதான் பிறக்குது.

நியாயமான ஆசைதான். போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்தில் இருந்து 5 சதவிகிதமாகக் குறைஞ்சிருக்கு. ரொட்டவேட்டர் மாதிரியான கருவிகளுக்கும் அதே 5 சதவிகிதம்தான். ஆனா, சின்ன விவசாயக் குடும்பத்துக்கு வீட்டுக்கு அடுத்தபடியா பெரிய கடன்னா அது டிராக்டராத்தான் இருக்கும். தவணை கட்ட முடியாமப் போனா வண்டியும் போகும், அதுவரைக்கும் கட்டின பணமும் போகும். அதனால 'எந்த கம்பெனி நல்லது?' என்கிற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வைங்க. முதல்ல நிலம், அடுத்து வேலை, அதுக்கேத்த கருவி, அப்புறம்தான் வண்டி.

எதை மினி டிராக்டர்னு சொல்றோம்?

பொதுவா 15 முதல் 30 ஹெச்.பி வரைக்கும் உள்ளதை மினி டிராக்டர்னு சொல்றாங்க. ஸ்வராஜ் 717, மஹிந்திரா யுவராஜ் 215 எல்லாம் 15 ஹெச்.பி ரகம். குபோட்டா பி2441, மஹிந்திரா ஜிவோ 245 ரெண்டும் 24 ஹெச்.பி, நாலு சக்கரமும் இழுக்கும் 4 வீல் டிரைவ். வி.எஸ்.டி எம்.டி 270 மாடல் 27 ஹெச்.பி.

விளம்பரத்துல பெரிய எழுத்துல போடுறது இன்ஜின் ஹெச்.பி. ரொட்டவேட்டரைச் சுத்துறதோ பின்னாடி இருக்கிற பி.டி.ஓ தண்டு. இன்ஜின்ல 24 ஹெச்.பி இருந்தா, பி.டி.ஓ-வுக்கு அதைவிடக் குறைவாத்தான் வந்து சேரும்; எவ்வளவு குறையும்னு மாடலுக்கு மாடல் மாறும். டீலர்கிட்ட 'பி.டி.ஓ ஹெச்.பி எவ்வளவு, லிஃப்ட் எத்தனை கிலோ தூக்கும்?'னு கேளுங்க. மத்தியப் பிரதேசத்துல புத்னியில இருக்கிற மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையம், டிராக்டர்களைச் சோதிச்சு ரிப்போர்ட் கொடுக்குது. பி.டி.ஓ சக்தி, டீசல் செலவு, பிரேக் எல்லாம் அதுல இருக்கும். வாங்கப்போற மாடலோட ரிப்போர்ட்டைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?

இதுதான் முக்கியமான கணக்கு. ஒரு பேச்சுக்கு இப்படி வச்சுக்கலாம்... வண்டி 5.5 லட்சம், கருவிகள் 1.5 லட்சம், ஆக மொத்தம் 7 லட்சம். 10 வருஷம் கழிச்சு எல்லாத்தையும் 2.5 லட்சத்துக்கு வித்தா, தேய்மானம் மட்டும் வருஷத்துக்கு 45,000 ரூபாய். வட்டி, இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாத்துக்கும் சேர்த்து இன்னொரு 45,000 ரூபாய். ஆக, வண்டி ஓடினாலும் ஓடாட்டியும் வருஷத்துக்கு 90,000 ரூபாய் செலவு.

வாடகை வண்டிக்கு மணிக்கு 1,000 ரூபாய் கொடுக்குறீங்கன்னு வைங்க. சொந்த வண்டியை நீங்களே ஓட்டினா டீசலுக்கு மணிக்கு 250 ரூபாய் ஆகும். அப்போ ஒரு மணி நேரத்துக்கு 750 ரூபாய் மிச்சம். 90,000-ஐ 750-ஆல வகுத்தா 120 வரும். வருஷத்துக்கு 120 மணி நேரம் ஓடினாத்தான் கைக்கும் வாய்க்கும் சரியா வரும்.

இப்போ நம்ம நிலத்துக்கு வருவோம். 4 அடி ரொட்டவேட்டர் ஒரு ஏக்கர் ஓட்ட சுமாரா 2 மணி நேரம் எடுக்கும். 5 ஏக்கர்ல வருஷத்துக்கு 2 போகம், ஒவ்வொரு போகத்துக்கும் 2 சால் ஓட்டினா 40 மணி நேரம்தான் ஆகுது. மீதி 80 மணி நேரத்துக்கு வேலை எங்கே இருந்து வரும்? களை எடுக்குறது, பார் பிடிக்கிறது, மருந்து அடிக்கிறது, எரு அடிக்கிறது எல்லாத்தையும் சேர்த்தாலும் இடிக்கும். அண்ணன், தம்பி, பங்காளி நிலமெல்லாம் சேர்ந்து 12, 15 ஏக்கர் வந்தா கணக்கு சரியாகிடும். கூட்டா வாங்குறதா இருந்தா டீசல் யாரு போடுறது, ரிப்பேருக்கு யாரு கொடுக்குறது, மழை பெஞ்சா முதல் உழவு யாருக்குனு முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க. வண்டி வந்தப்புறம் பேசினா சண்டையிலதான் முடியும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். வேளாண்மைப் பொறியியல் துறை 2022-ல இ-வாடகை செயலியைக் கொண்டு வந்தப்போ டிராக்டருக்கு அறிவிச்ச வாடகை மணிக்கு 500 ரூபாய். அந்த வாடகையோட ஒப்பிட்டா மிச்சம் 250 ரூபாய்தான். சொந்த வண்டி கட்டுபடியாக 360 மணி நேரம் ஓடணும்! உங்களுக்கு வேண்டிய நாள்ல அரசு வண்டி கிடைக்கும்னா வாடகைதான் லாபம். கிடைக்காத நாள்ல ஈரம் போறதால வர்ற நஷ்டம் எவ்வளவு? அது உங்களுக்குத்தான் தெரியும். அதையும் கணக்குல சேர்த்துத்தான் முடிவெடுக்கணும்.

மலைக்கு வேற கணக்கு

கச்சிராயபாளையத்தைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏற ஆரம்பிச்சா விஷயமே மாறிடும். கல்வராயன் மலையில மரவள்ளி, சாமை, கேழ்வரகு எல்லாம் சரிவான கொல்லையிலயும் விளையுது. அங்கே முதல் கேள்வி, 'டிராக்டர் ஓடுமா?' இல்ல... 'டிராக்டர் கவிழாம இருக்குமா?'

சரிவுக்குக் குறுக்கா உழுதாத்தான் மழைத்தண்ணி நின்னு மண்ணுல இறங்கும். மேலே இருந்து கீழே நேரா உழுதா, ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்கால் மாதிரி ஆகி மேல்மண்ணை அடிச்சுக்கிட்டுப் போயிடும். ஆனா, டிராக்டரைப் பக்கவாட்டுல கவிழ வைக்கிறதும் குறுக்கா ஓட்டுறதுதான். மண்ணுக்கு நல்லது ஆளுக்கு ஆபத்து, ஆளுக்கு நல்லது மண்ணுக்கு ஆபத்து. இந்த இக்கட்டுக்குப் பெரிய வண்டி பதில் இல்ல. நடந்து இறங்கும்போதே கால் சறுக்குற நிலத்துக்கு டிராக்டரே வேண்டாம்; மாட்டு ஏரும் பவர் வீடரும்தான் சரி. படிக்கட்டு மாதிரி சமப்படுத்தின வயலுக்கும், லேசான சரிவுக்கும் மட்டும் 4 வீல் டிரைவ் மினி டிராக்டரை யோசிக்கலாம்.

மலையில வாங்குறவங்க மூணு விஷயத்துல சமரசம் பண்ணிக்கக் கூடாது. ஒண்ணு, டிரைவர் தலைக்கு மேல நிக்கிற ரோல் பார். வண்டி கவிழ்ந்தா நசுங்காம இருக்க இடம் கொடுக்குறது அதுதான். அதோட சீட் பெல்ட்டையும் போடணும். ரோல் பார் இல்லாத வண்டியில பெல்ட் போடக் கூடாது. ரெண்டு, எடை. பின் டயர்ல தண்ணி ஏத்துறதும், முன்னாடி எடைக்கட்டி மாட்டுறதும் வண்டியைத் தரையோட பிடிச்சு வைக்கும். மூணு, டிரெய்லர். பிரேக் இல்லாத டிரெய்லர்ல மரவள்ளியை ஏத்திக்கிட்டு இறக்கத்துல வந்தா, பின்னாடி இருக்கிற பாரம்தான் வண்டியை ஓட்டும். இறங்குறதுக்கு முன்னாடியே குறைஞ்ச கியருக்கு வந்துடுங்க. பாதியில கிளட்ச்சை மிதிக்காதீங்க, நியூட்ரல் பண்ணவே பண்ணாதீங்க. இடது, வலது பிரேக் பெடல் ரெண்டையும் சேர்த்துப் பூட்டிட்டுத்தான் ரோட்டுக்கு வரணும்.

கருவிதான் வேலை செய்யுது!

வண்டி வாங்கவே பணம் தீர்ந்துபோய், கருவிக்கு வாடகை கொடுக்குறவங்க உண்டு. பட்ஜெட்டைப் போடும்போதே கருவியையும் சேர்த்துப் போடுங்க. 24 ஹெச்.பி வண்டிக்கு 4 அடி ரொட்டவேட்டரும் 5 கொத்துக் கலப்பையும் முதல் வருஷத்துக்குப் போதும். நெல் வயல் இருந்தா சேறு அடிக்க கேஜ் வீல் வேணும். கரும்பு, மரவள்ளிக்குப் பார் பிடிக்கிற கலப்பை. டிரெய்லரை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். கல்லு நிறைஞ்ச செம்மண் கொல்லையில முதல்லயே ரொட்டவேட்டரை இறக்கினா பிளேடு உடைஞ்சிடும். கொத்துக் கலப்பையை ஓட்டி, கல்லைப் பொறுக்கிட்டு அப்புறம் இறக்கணும்.

அகலத்தை மறந்துடாதீங்க. பல மினி டிராக்டர்கள் 3 முதல் 4 அடி அகலம். 3 அடி பார்ல நட்ட கரும்புக்குள்ள அது எப்படிப் போகும்? நீடித்த நவீன கரும்பு சாகுபடியில சொல்ற 5 அடி இடைவெளி விட்டாத்தான் உள்ளே புகுந்து களை எடுக்க முடியும். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளுக்குக் கரும்பு போடுறவங்க, அடுத்த நடவுல எவ்வளவு இடைவெளி விடப்போறோம்னு முடிவு பண்ணிட்டு வண்டியைப் பார்க்கப் போறது நல்லது. டேப்பைக் கையோட எடுத்துட்டுப் போங்க. கருவியோட அகலம் பின் டயர்களோட வெளி அகலத்துக்குக் குறையக் கூடாது; குறைஞ்சா உழுத மண்ணையே டயர் மிதிச்சுக்கிட்டுப் போகும்.

மானியம், பட்டா, கடன்

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்துல சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவிகிதமும், மத்தவங்களுக்கு 40 சதவிகிதமும் மானியம் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு இருக்கு. பட்டியல் சாதி, பழங்குடி சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு கூடுதலா 20 சதவிகிதம் தருது. கல்வராயன் மலையில வாழ்ற மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியல்ல இருக்கிறதால இதைக் கேட்டு வாங்கலாம். இந்த வருஷப் பட்டியல்ல டிராக்டர் இருக்கா, கருவி மட்டும்தானானு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துல முதல்ல விசாரிங்க. உழவன் செயலியில விண்ணப்பிச்சு, அனுமதி வந்தப்புறம்தான் வாங்கணும். முன்னாடியே வாங்கிட்டுப் போய் நின்னா மானியம் கிடைக்காது.

மலையில பெரிய தடை பட்டா. 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் பிடியில இருந்த பூமி இது. தலைமுறையா உழுதும் கையில பட்டா இல்லாத குடும்பங்கள் இன்னும் இருக்கு. பட்டா, சிட்டா இல்லாம மானியமும் வங்கிக் கடனும் நகராது. அந்த இடத்துலதான் அதிக வட்டி தனியார் கடன் உள்ளே நுழையும். காகிதம் சரியாகுற வரைக்கும் ஒரு பவர் வீடரோட நிறுத்திக்கிறது நிம்மதி.

கடன் வாங்குறவங்க மாசத் தவணைக்குத் தலையாட்டாதீங்க. கரும்புப் பணமும் மரவள்ளிப் பணமும் மாசாமாசம் வராது. அறுவடையை ஒட்டி அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுற மாதிரி கேளுங்க.

கையெழுத்துக்கு முன்னாடி...

வாடகைக்கு ஓட்டுற எண்ணம் இருந்தா அதைச் சொல்லியே இன்ஷூரன்ஸ் போடுங்க. 'சொந்த விவசாயத்துக்கு மட்டும்'னு போட்டுட்டு வாடகைக்கு ஓட்டினா, விபத்து நடந்தா கம்பெனி கைவிரிச்சிடும். டிரெய்லருக்கும் தனியா பாலிசி வேணும். கூலி ஆட்களை டிரெய்லர்லயோ மட்கார்டு மேலயோ உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போறது ஆபத்து மட்டுமில்ல, அதுக்கு இன்ஷூரன்ஸும் கிடையாது.

பழைய வண்டின்னா ஆர்.சி-யில ஃபைனான்ஸ் பேர் இருக்கானு பாருங்க. இருந்தா ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்துப் போட்ட படிவம் 35 இல்லாம பணம் கொடுக்காதீங்க. புது வண்டின்னா, சர்வீஸ் சென்டர் கள்ளக்குறிச்சியிலயே இருக்கா, இல்ல சேலத்துல இருந்து ஆள் வரணுமானு கேளுங்க. உழவு நாள்ல நின்னுபோன வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் ரெண்டு நாள் கழிச்சு வந்தா, வாடகை வண்டிக்குக் காத்திருந்த கதைதான் திரும்பவும்.

ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நோட்டுல போன வருஷம் எந்த மாசம், என்ன வேலைக்கு, எத்தனை மணி நேரம் வாடகை வண்டி ஓடுச்சுனு எழுதிப் பாருங்க. கூட்டினா 120-க்கு மேல வந்தா தைரியமா விலை பேசப் போகலாம். 40, 50-ல நின்னா முதல்ல ரொட்டவேட்டரைப் பார்க்காதீங்க... பங்காளியைப் பாருங்க!