முதல் மதிப்பீடு முடிந்த தீர்ப்பல்ல

பந்தைக் கையிலேந்தி ஆடப்படும் அமெரிக்க உதைபந்தாட்டத்தில், தாக்குதலை நெறிப்படுத்திப் பந்தை எறிபவர் 'குவாட்டர்பேக்' எனப்படுகின்றார். தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் பல்கலைக்கழக வீரர்களைத் தெரிவு செய்கையில், இவர்களை மதிப்பிடுவதே பெருஞ்சவாலாகும்.

உயரம், வேகம், எறியும் வலிமை என்பவற்றை அளந்துவிடலாம். எதிரணியினர் சூழ்ந்துவரும் கணத்தில் நிதானமாக முடிவெடுக்கும் ஆற்றலை முழுமையாக அளப்பது எளிதன்று. 1998இல் இரண்டாவதாகத் தெரிவான ரயன் லீஃப் 2002இலேயே ஓய்வுபெற்றார். 2000இல் 198 வீரர்களுக்குப் பின்னரே தெரிவான மிச்சிகன் பல்கலைக்கழகத்து டொம் பிரேடி, 40 யார் தூரத்தை ஓட 5.28 செக்கன்கள் எடுத்தவர். அவரே ஏழு தடவைகள் 'சுப்பர் போல்' வெற்றியை ஈட்டினார்.

அளவீடுகள் அவசியமானவையே. ஆயினும், அவை இளைஞனொருவனின் எதிர்காலத்தை முடிவுகட்டும் தீர்ப்பாகிவிடலாகாது என்பதே எமது நிலைப்பாடாகும்.