காப்பது வேறு, கட்டிவைப்பது வேறு

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊராகிய ஏர்வாடிக்கு, அங்குள்ள தர்காவின் அருளை நம்பி, மனநோயுற்ற தம் மக்களையும் உடன்பிறந்தாரையும் அழைத்துக்கொண்டு, பல ஊர்களிலிருந்தும் சமய வேற்றுமையின்றி ஜனங்கள் வந்து தங்குவது நெடுங்கால வழக்கம். தர்கா விளக்கின் எண்ணெயும் அங்குத் தரப்படும் தீர்த்தமும் பிணியைத் தீர்க்கும் என்றும், வீடு திரும்பலாம் என்னும் உத்தரவு கனவிலேயே கிட்டும் என்றும் அவர்கள் கொண்டிருந்த விசுவாசத்தை நாம் குறைகூற வேண்டியதில்லை. வைத்திய வசதி எட்டாத இடத்தில் துயருற்றவன் தெய்வத்தின் வாசலைத் தட்டுவது இயற்கையே. ஆனால் அந்த உத்தரவுக்காகக் காத்திருந்த நாட்கள் மாதங்களாகவும், மாதங்கள் வருஷங்களாகவும் நீண்டபோது, வயலையும் வேலையையும் விட்டு உடனிருக்க இயலாத குடும்பத்தார், தர்காவைச் சுற்றி முளைத்திருந்த தனியார் காப்பகங்களில் பணம் கட்டி, நோயாளியை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பலாயினர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி அதிகாலையில், அத்தகைய காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பற்றியது. தீ எவ்வாறு மூண்டதென்று தெரியவில்லை. உள்ளே இருந்தவர்கள் ஏன் வெளியே ஓடிவரவில்லை என்பது மட்டும் அனைவருக்கும் தெரிந்தது. அவர்கள் இரும்புச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். கட்டு இறுகாதிருந்த சிலர் தப்பினர். 28 பேர் மாண்டனர்.

அந்தச் சங்கிலிகளைப் பூட்டியவர்கள் அதற்குக் கூறிவந்த காரணம் பாதுகாப்பு என்பதே. அவிழ்த்துவிட்டால் ஓடிவிடுவார்கள், கடலில் இறங்கிவிடுவார்கள், தம்மையோ பிறரையோ காயப்படுத்துவார்கள் என்று சொல்லிச் சொல்லி, பகலில் மரத்தோடும் இரவில் கட்டிலோடும் மனிதரைப் பிணைத்துவைப்பதைப் பராமரிப்பு என்றே ஊரும் உறவும் ஏற்றுக்கொண்டிருந்தன. ஒருவரைக் காப்பதற்கென்று அவருடைய சுதந்திரத்தையும் சொல்லையும் முதலில் பறித்துவிட்டால், எந்த அபாயத்திலிருந்து அவரைக் காக்கப் புறப்பட்டோமோ, அதைக் காட்டிலும் பெரிய அபாயத்தின் கையில் அவரை ஒப்படைத்துவிடுகிறோம் என்பதை ஏர்வாடி நமக்குப் பிரத்தியட்சமாகக் காட்டியது. ஊனமுற்றோர், மனநோயுற்றோர், அறிவு வளர்ச்சி குன்றியோர் ஆகிய எவருடைய பராமரிப்பைப் பற்றிப் பேசினாலும், இந்த ஓர் உண்மையிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டியிருக்கிறது.

விபத்துக்குப் பின் அரசு விரைந்து செயற்பட்டது. ஏர்வாடியில் இருந்த அத்தகைய காப்பகங்கள் யாவும் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம், பத்திரிகைச் செய்தியைக் கண்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாநிலமும் அரசு மனநல மருத்துவமனை ஒன்றையேனும் நடத்த வேண்டும், இத்தகைய காப்பகங்களைக் கணக்கெடுக்க வேண்டும், நோயாளியைச் சங்கிலியிட்டு வைக்கலாகாது என்பதை மக்களுக்கு உணர்த்த வேண்டும் என்றெல்லாம் 2002இல் கட்டளையிட்டது. இத்தனைக்குப் பிறகும், 2019இல் உத்தரப் பிரதேசத்துப் பதாயூன் மாவட்டத்தில் ஒரு சமயச் சார்புடைய காப்பகத்தில் மனநோயுற்றவர்கள் சங்கிலியில் இருப்பதாக அதே நீதிமன்றத்தின் முன் முறையீடு வந்தது. 2023 பிப்ரவரியில் நம் விழுப்புரம் மாவட்டத்தில், உரிய அனுமதியின்றி நடந்துவந்த ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டு, அடி உதை, பாலியல் கொடுமை, ஆட்கள் காணாமற்போனமை ஆகிய குற்றச்சாட்டுகளைப் போலீசார் விசாரிக்கும் நிலை வந்தது. ஒரு காப்பகத்தை மூடுவதால் மட்டும் அதை உண்டாக்கிய நிலைமைகள் மறைந்துவிடுவதில்லை.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் இன்று சட்டத்துக்குக் குறைவில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2006இல் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுறுதி செய்தது. அதன் வழியே 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், 2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டமும் பிறந்தன. பிந்திய சட்டத்தின் 95ஆம் பிரிவு, எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை அறவே தடை செய்கிறது. 97ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது: நோயாளிக்கோ பிறருக்கோ உடனடியாக நேரக்கூடிய தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, அத்தியாவசியமான நேரத்துக்கு மட்டும் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம் என்று கூறி, அதன் காரணத்தையும் முறையையும் நேர அளவையும் குறிப்பேட்டில் பதியச் சொல்கிறது, தண்டனையாக அதைப் பிரயோகிக்கக்கூடாது என்கிறது, ஆள் பற்றாக்குறையைக் காரணமாகக் காட்டி ஒருவரைக் கட்டிவைக்கக்கூடாது என்றும் வெளிப்படையாகவே விதிக்கிறது. இந்தக் கடைசி வாசகத்தை எழுதியவர்கள் காப்பகங்களின் உள்வாழ்க்கையை நன்கு அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. கட்டிவைத்தலில் பெரும்பகுதி நோயின் உக்கிரத்தால் நேர்வதன்று, இரவு வேளையில் நாற்பது பேருக்கு ஒரே ஆயா இருப்பதால் நேர்வது.

அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு, அற்பம் என்று பலரும் எண்ணக்கூடிய சிலவற்றை உரிமைகளாகவே வகுத்திருக்கிறது. தலையைக் கட்டாயமாக மொட்டையடிக்கக்கூடாது. விரும்பினால் சொந்த உடையை அணிய விடவேண்டும், சீருடைக்குள் நிர்ப்பந்திக்கக்கூடாது. மாதவிடாய்க் காலத்தில் பெண்களுக்கு வேண்டிய பொருள்களைத் தரவேண்டும். வேலை செய்யுமாறு வற்புறுத்தக்கூடாது, செய்த வேலைக்குத் தக்க ஊதியம் கொடுக்கவேண்டும். குடும்பம் ஏற்க மறுக்கிறது, போவதற்கு வீடில்லை என்னும் காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவ விடுதியிலேயே வைத்திருக்கலாகாது என்று 19ஆம் பிரிவு கூறுகிறது.

சங்கிலியில்லாத சிறுமைகள்

இவை ஏன் சட்டத்தில் ஏறவேண்டியிருந்தன என்பதை அறிய, சாதாரணமான ஒரு காப்பகத்தின் காலை வேளையை நினைத்துப் பார்த்தாலே போதும். அங்கே சங்கிலி இல்லை, அடிப்பவரும் இல்லை. விடியுமுன் விளக்கைப் போட்டு எல்லாரையும் எழுப்புகிறார்கள். கொல்லைப்புறத் தொட்டியருகே வரிசையாக நிறுத்தி, குழாயில் ரப்பர் குழலைச் சொருகி, ஒருவர் பார்க்க இன்னொருவர் மேல் தண்ணீர் அடிக்கப்படுகிறது. துவைத்துக் குவித்த நைட்டிகளிலிருந்தும் லுங்கிகளிலிருந்தும் கைக்கு வந்தது எடுத்து மாட்டப்படுகிறது. நேற்று ஒருத்தி உடுத்தியது இன்று வேறொருத்தியின் உடலில். பேன் தொல்லைக்காக மயிர் ஒட்ட வெட்டப்பட்டிருப்பதால், ஒரு சீப்புகூடத் தேவைப்படுவதில்லை. ஏழரைக்கு இட்லி, பன்னிரண்டுக்குச் சோறு, ஆட்கள் வேலை முறை மாறவேண்டியிருப்பதால் ஐந்தரை மணிக்கே இரவுச் சாப்பாடு. சர்க்கரை போதுமா, எந்தப் பக்கம் படுக்க விருப்பம், இன்று வெளியே உட்காரலாமா என்று அவர்களை எவரும் கேட்பதில்லை. கேட்காமலே வருஷங்கள் கழிந்தபின், விருப்பம் என்று ஒன்று தமக்கு இருந்ததையே மறந்துபோன முகங்களைப் பார்த்து, எவ்வளவு சாதுவாக இருக்கிறார்கள் என்று வருகை தரும் தருமப்பிரபுக்கள் மெச்சிவிட்டுப் போகிறார்கள்.

பிறந்தநாளன்று காப்பகத்துக்கு அன்னதானம் செய்யும் நல்ல வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. ஆயினும், அன்னமிடுபவர் வரிசையில் நிற்போரின் பெயரையேனும் கேட்கிறாரா, அவர்களுடைய சம்மதமின்றிப் படம் எடுக்காதிருக்கிறாரா என்பதில்தான் தருமம் கௌரவமாக நிற்பதும் அவமதிப்பாக மாறுவதும் அடங்கியிருக்கிறது.

சம்மதம் என்பது சோற்றோடும் உடையோடும் முடிந்துவிடும் விஷயமன்று. 2009இல் சண்டிகர் அரசு இல்லமொன்றில் வசித்த, பெற்றோரற்ற, மிதமான அறிவு வளர்ச்சிக் குறையுள்ள ஓர் இளம்பெண், காப்பிடத்திலேயே பலாத்காரத்துக்கு ஆளாகிக் கருவுற்றாள். அவள் நன்மைக்கென்றே கருதி, கருவைக் கலைத்துவிட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவளோ குழந்தையைப் பெற விரும்பினாள். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபோது, அவளுடைய சம்மதமின்றி அதைச் செய்தலாகாது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். அறிவுக் குறையுள்ளவர் என்பதனாலேயே ஒருவருடைய சொல் சொல்லாகாமற்போய்விடாது என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று. அந்தப் பெண்ணுக்கு முதற்கேடு விளைந்தது காப்பதற்கென்றே ஏற்பட்ட கூரையின் கீழ் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

குடும்பமும் ஊழியரும்

குற்றம் முழுவதையும் காப்பகங்களின்மேல் சுமத்திவிட்டு ஒதுங்குவது நியாயமாகாது. கடுமையான குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்ற தாய்தந்தையர் இரவும் பகலும் சுமக்கும் கவலை, எங்களுக்குப் பின் யார் என்பதே. தமிழக அரசு வழங்கும் மாதம் 2,000 ரூபாய்ப் பராமரிப்பு உதவித்தொகை பெரிய ஆறுதல்தான் என்றாலும், அறுபது வயதுத் தாய் முப்பது வயது மகனைத் தூக்கிக் குளிப்பாட்டும் வேலையில் பங்கேற்க அந்தத் தொகையால் இயலாது. கைகொடுக்க ஆள் வந்துபோகும் ஏற்பாடும், பகலில் விட்டுச்செல்லத் தக்க இடமும் அருகில் இருந்திருந்தால், பிள்ளையைக் காப்பகத்தில் விட்டிராத குடும்பங்கள் எத்தனையோ. அவ்வாறே, குறைந்த சம்பளத்துக்குப் பயிற்சியேதும் இன்றி இரவெல்லாம் விழித்திருக்கும் ஊழியரிடம் பொறுமையை எதிர்பார்க்கும் நாம், அவருக்குரிய மரியாதையையும் ஓய்வையும் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். பராமரிப்பவரின் கௌரவம் குன்றிய இடத்தில், பராமரிக்கப்படுபவரின் கௌரவம் தழைத்ததில்லை.

வேறு வழி உண்டா என்று கேட்போருக்கு விடை நம் ஊரிலேயே இருக்கிறது. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில், தெருவில் கைவிடப்பட்ட மனநோயுற்ற பெண்களுக்காகத் தொடங்கிய பான்யன் என்னும் ஸ்தாபனம், குணமடைந்தும் போக இடமின்றி விடுதியிலேயே தங்கிவிட்டவர்களுக்காக ஓர் ஏற்பாட்டைக் கண்டது. சாதாரணத் தெருவில் சாதாரண வீடொன்றை வாடகைக்கு எடுத்து, நான்கைந்து பேர் ஒரு குடும்பமாக அதில் வாழ்கிறார்கள். துணைக்கு ஊழியர் உண்டு. கடைக்குப் போவதும், குழம்பில் புளி கூட்டுவதும் குறைப்பதும், அண்டை வீட்டாருடன் பேசுவதும் அவர்கள் இஷ்டம். பல்லாண்டுகள் விடுதியில் அடைபட்டிருந்தவர்களும் இவ்வாறு வாழ முடிகிறதென்றால், அடைத்துவைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று இனி எவரும் சொல்வதற்கில்லை.

ஆகவே, செய்யவேண்டியவை தெளிவானவை. பதிவுச் சான்றின்றி எந்த இல்லமும் நடக்கலாகாது. இல்லங்களை ஆராயும் அதிகாரிகள் முன்னறிவிப்பின்றிச் செல்லவேண்டும். செல்லும் குழுவில் மாற்றுத்திறனாளிகளும் இடம்பெற்று, நிர்வாகி அருகில் இல்லாதபோது இல்லவாசிகளிடம் தனியே பேசவேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அமையவேண்டிய மனநல மறுபரிசீலனை வாரியங்கள், ஏட்டளவில் நில்லாது, முறையீட்டைக் கேட்டுப் பரிகாரம் தரவேண்டும். கொடுமை நடப்பதாக நம்பக் காரணமிருந்தால், எவர் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தெரிவிக்கலாம் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு இடமளித்திருக்கிறது. அவ்வுரிமை உங்களுக்கும் எனக்கும் உரியது.

உறவினர் ஒருவரை இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள், கட்டடத்தின் அழகையும் கட்டணத்தின் அளவையும் விசாரிப்பதோடு நில்லாமல், சொல்லாமல் கொள்ளாமல் நான் வந்து பார்க்கலாமா, அவர் எனக்குத் தொலைபேசியில் பேசலாமா, அவருடைய பெட்டியும் உடையும் அவரிடமே இருக்குமா, திரும்பி வர விரும்பினால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். இவற்றுக்கு நேரான விடை தரத் தயங்கும் இடத்தில் ஒரு நாள்கூட அவரை விடாதீர்கள். அதற்கும் முன்பாக, அவரையே உட்காரவைத்து, உனக்கு இது சம்மதமா என்று கேளுங்கள். வாயால் சொல்ல இயலாதவராயின், முகக்குறிப்பாலும் கையசைவாலும் அவர் சொல்வதை அறியும்வரை பொறுத்திருங்கள். அவ்விடையை மதித்து நடப்பதே பராமரிப்பு. அதை அறியாமலே நாம் செய்யும் உபகாரம் எவ்வளவு பெரியதாயினும், பராமரிப்பு என்று சொல்லத் தக்கதன்று.