அம்மாயியின் பாட்டைப் பத்திரப்படுத்துவோம்



எங்கள் லயத்தில் ஒரு காலத்தில் ஒரே ஒரு கசெட் ரேடியோதான் இருந்தது. ஒரு போயா நாளில், அம்மாயியை இஸ்தோப்பில் உட்கார வைத்து, அவர் பாடிய தாலாட்டை அதில் பதிந்தோம். சில மாதம் கழித்து வேறு கசெட் கிடைக்கவில்லை என்று அதே கசெட்டில் படப்பாட்டைப் பதிந்துவிட்டோம். அப்போது யாரும் அதைப் பெரிசாக நினைக்கவில்லை. இன்று அம்மாயி இல்லை. வரிகள் அம்மாவுக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கு. மெட்டுத்தான் யாருக்கும் வரமாட்டேன் என்கிறது.

வரிகளை எழுதி வைக்கலாம். எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோட்டமாக வழங்கிய பாடல்களைத் திரட்டினார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற அவருடைய தொகுப்பு 1983இல் வெளிவந்தது. அவர் அதைச் செய்யாவிட்டால் எத்தனையோ பாட்டு நமக்குத் தெரியாமலே போயிருக்கும். ஆனால் எந்த இடத்தில் குரல் இழுக்கும், எந்த இடத்தில் மூச்சு விடும், தப்பு எப்படிச் சேரும் என்பதைப் புத்தகம் சொல்லாது. அதைக் காதால் கேட்டுத்தான் பிடிக்க முடியும்.

ஒலிப்பதிவு செய்ய அன்று ஸ்டூடியோ வேண்டும், காசு வேண்டும். இன்று உங்கள் பிள்ளையின் கையிலுள்ள போனே போதும். எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

முதலில் கேளுங்கள்

பாடுகிறவரிடம் எதற்காகப் பதிகிறோம், யாருக்குப் போட்டுக் காட்டுவோம் என்பதைச் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். தாலாட்டு, கும்மி, காமன் கூத்துப் பாட்டு என்றால் அநேகமாகச் சந்தோசமாகப் பாடுவார்கள். ஒப்பாரி அப்படி இல்லை. "சாவு விழாத வீட்டுல சும்மா ஒப்பாரி பாடக் கூடாது" என்பவர்கள் உண்டு. கட்டாயப்படுத்த வேண்டாம். வீட்டுக்கு வெளியே பாட இஷ்டமா என்று கேட்டுப் பார்க்கலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பதிந்ததை வாட்ஸ்அப்பிலோ பேஸ்புக்கிலோ போடுவதற்கும் தனியாகச் சம்மதம் வேண்டும்.

இடமும் நேரமும்

நம்ம லயத்துக்குத் தகரக்கூரை. மழை பெய்தால் பாட்டுக் கேட்காது, தகரச் சத்தந்தான் கேட்கும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் பதிவை வைத்துக்கொள்ள வேண்டாம். ஆடி, ஆவணியில் ஊவா மலைகளில் அடிக்கிற காற்றும் போனின் மைக்கில் 'புஸ் புஸ்' என்று விழும். காற்று இல்லாத நாளாகப் பார்த்து, வேலை முடிந்து லயம் அடங்கிய பிறகு உள்ளறையில் உட்காருங்கள்.

வெறும் சுவர் உள்ள அறை எதிரொலிக்கும். கொடியில் துணி, கட்டிலில் கம்பளி, தரையில் சாக்கு என்று நாலு பொருள் கிடந்தால் எதிரொலி குறையும். டீவி, ரேடியோ, விசிறி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பாட்டு நடுவில் அழைப்பு வராமலிருக்க போனை விமானப் பயன்முறையில் போடுங்கள்.

பதியும் முறை

போனைக் கையில் பிடிக்காதீர்கள். விரல் அசைவது கூடப் பதிவில் கேட்கும். நாலாக மடித்த துவாயின் மேல் வையுங்கள். பாடுகிறவரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் இருந்தால் நல்லது. நேரே வைத்தால் 'ப' வரும்போதெல்லாம் மூச்சுக் காற்று மைக்கில் அடிக்கும்.

முதலில் அரை நிமிடம் பதிந்து கேட்டுப் பாருங்கள். சத்தத்தைக் காட்டும் கோடு மேல் விளிம்பைத் தொடக் கூடாது. தொட்டால் சத்தம் உடைந்துவிடும். அப்படி உடைந்த பதிவைக் கணினியில் பார்த்தால், கவாத்து வெட்டிய தேயிலை மாதிரி உச்சியெல்லாம் தட்டையாக இருக்கும். அதைப் பிறகு முழுசாகச் சரிசெய்ய முடியாது. கோடு பாதி உயரத்துக்கு வந்தால் போதும். தப்பு அடிப்பதானால் தப்பை அறைக்கு வெளியே பத்துப் பதினைந்து அடி தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் குரல் அமுங்கிப் போகும்.

பதிவைத் தொடங்கியதும் பாடுகிறவரின் பெயர், தோட்டம், டிவிஷன், தேதி, பாட்டை யாரிடம் கற்றார் என்பதைச் சொல்லுங்கள். அதன்பின் பத்து வினாடி எல்லோரும் பேசாமல் இருங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். அதற்குப் பிறகு பாடச் சொல்லுங்கள்.

கணினியில் திருத்துவது

இதற்கு ஒடாசிட்டி என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டானன்பர்க் என்ற இருவர் இதைத் தொடங்கி, 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் வீட்டில் பாட்டுப் பதிகிறவர்கள் இதைப் பாவிக்கிறார்கள். ஒருமுறை இறக்கிக்கொண்டால் வேலை செய்ய இன்டர்நெட் தேவையில்லை. இது போனில் ஓடாது, கணினி வேண்டும். வீட்டில் இல்லாவிட்டால் பாடசாலையில் கணினி படிக்கிற பிள்ளையையோ ஆசிரியரையோ கேளுங்கள்.

முதல் வேலை, போனிலுள்ள பதிவைக் கணினிக்கு எடுத்து, அதற்கு ஒரு நகல் போடுவது. இனிமேல் செய்வதெல்லாம் நகலில்தான். மூலத்தைத் தொடவே வேண்டாம்.

நகலை ஒடாசிட்டியில் திறந்தால் பாட்டு மேடு பள்ளமாக ஒரு கோடாகத் தெரியும். தேவையில்லாத இடத்தை மவுசால் இழுத்துத் தெரிவு செய்து, டிலீட் விசையை அழுத்தினால் போய்விடும். தவறி அழித்துவிட்டால் பயப்படாதீர்கள், கொன்ட்ரோலும் இஸட்டும் சேர்த்து அழுத்தினால் திரும்பி வரும்.

அடுத்து இரைச்சல். பேசாமல் இருந்த அந்தப் பத்து வினாடியில் அறையின் இரைச்சல் மட்டும் பதிந்திருக்கும். அந்த இடத்தைத் தெரிவு செய்து, எஃபெக்ட் பட்டியலில் நொய்ஸ் ரிடக்ஷன் என்பதைத் திறந்து, 'கெட் நொய்ஸ் புரொஃபைல்' என்பதை அழுத்துங்கள். இரைச்சல் எது என்று மென்பொருள் தெரிந்துகொள்ளும். பிறகு பாட்டு முழுவதையும் தெரிவு செய்து, அதே இடத்துக்குப் போய் ஓகே கொடுங்கள். இதைக் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். அதிகம் போட்டால் குரல் தண்ணிக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்.

குரல் சின்னதாக இருந்தால் எம்ப்ளிஃபை என்பதால் கூட்டலாம். கடைசியில் எக்ஸ்போர்ட் செய்து கோப்பாக எடுங்கள். வைத்துப் பாதுகாக்க வேவ் கோப்பு நல்லது. மோனோவில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 எம்பி இடம் பிடிக்கும். சொந்தக்காரருக்கு அனுப்ப எம்பி3 போதும், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பிதான்.

எதை வெட்டக் கூடாது?

நாய் குரைத்ததை வெட்டலாம். நடுவில் யாரோ கதவைத் தட்டியதை வெட்டலாம். ஆனால் அம்மாயி வரியை மறந்து, "இரு தாயி, ஞாபகம் வரட்டும்" என்று சொன்னால் அதை வெட்டாதீர்கள். அவருடைய இருமலையும் பெருமூச்சையும் துடைத்து எடுக்க வேண்டாம். பாட்டோடு அவரும் அதில் இருக்கிறார். ரேடியோப் பாட்டு மாதிரி சுத்தமாக வர வேண்டும் என்று கீபோர்ட் இசை சேர்க்க ஆசை வந்தால், அதற்கு இன்னொரு நகல் போடுங்கள்.

எங்கே வைப்பது?

போன் தண்ணியில் விழும், மெமரி கார்ட் கெட்டுப் போகும். அதனால் ஒரு பதிவை மூன்று இடத்தில் வையுங்கள். வீட்டில் ஒன்று, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையிடம் ஒன்று, பென் டிரைவில் ஒன்று. கோப்புக்கு 'பாட்டு 1' என்று பெயர் வைக்காமல், பாடியவர், பாட்டு, ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். பத்து வருசம் கழித்துத் திறக்கிறவருக்கு அப்போதுதான் விளங்கும்.

கணினி இல்லையே, எடிட்டிங் தெரியாதே என்று தள்ளிப்போட வேண்டாம். திருத்துவதை அடுத்த வருசமும் செய்யலாம். பாடுவதற்கு அம்மாயி அடுத்த வருசமும் இருப்பாரா என்பது நமக்குத் தெரியாது. வருகிற போயா லீவிலேயே அவர் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் உட்காருங்கள். கூட ஒரு கோப்பை தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுங்கள்.