பரணில் கிடக்கும் விஷம்

2006ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டுச் சர்க்கார் குடும்பங்களுக்குக் கலர் டெலிவிஷன் பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. அப்பெட்டிகளில் பலவற்றுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. தட்டையான புதிய பெட்டி கூடத்துக்கு வந்ததும் பழையது பரணுக்கு ஏறிற்று. அல்லது பழைய சாமான் வாங்குவோரிடம் சொற்ப விலைக்குப் போயிற்று. ஓடாத மிக்ஸி, உடைந்த செல்போன், பழைய கம்ப்யூட்டர் ஆகியவற்றின் கதியும் இதுவே. விற்றதோடு தமது பொறுப்புத் தீர்ந்ததென்று ஜனங்கள் எண்ணுகின்றனர். பொறுப்பு அங்கே தீரவில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

பழைய மாதிரி டெலிவிஷனின் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. பெட்டி முழுசாக இருக்கும்வரை தீங்கில்லை, உடைத்தபின்னரே அபாயம். டில்லியைச் சேர்ந்த ஸீலம்பூரிலும், ராமகங்கை நதிக்கரையிலுள்ள முராதாபாத்திலும் ஏழைத் தொழிலாளர்கள் இத்தகைய சாமான்களை வெறுங்கையால் பிரித்தும், செம்புக்காக வயர்களைக் கொளுத்தியும், தங்கத்துக்காக ஸர்க்யூட் பலகைகளை அமிலத்தில் தோய்த்தும் பல வருஷங்களாக ஜீவனம் செய்து வந்திருக்கின்றனர். வயரின் பிளாஸ்டிக் உறை எரியும் புகையில் டையாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. ஈயத்தூளோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்க வல்லது. நாம் பெற்ற சில ரூபாய்க்கு உண்மையில் விலை கொடுப்பவர்கள் இந்த ஏழைகளும் அவர்தம் மக்களுமே.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையோவெனில், இருக்கிறது. 2011ல் இயற்றப்பட்ட விதிகள் 2012 மே மாதத்தில் அமுலுக்கு வந்தன. 2016லும் 2022லும் புதிய விதிகள் செய்யப்பட்டன. 2023 ஏப்ரல் 1 முதல் அமுலிலுள்ள விதிகளின்படி, சரக்கை விற்று லாபமடையும் கம்பெனியே அதன் இறுதிக்கும் பொறுப்பாளி. முன்பு விற்ற சரக்கின் அளவைக் கொண்டு, 2023-24ல் 100க்கு 60 பங்கும், 2027-28 முதல் 80 பங்கும், பதிவு பெற்ற ஆலைகளின் மூலம் மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கம்பெனிகள் ஸர்டிபிகேட் காட்டவேண்டும். ஏற்பாடு நியாயமானதே. ஆயினும் ஸர்டிபிகேட் கணக்கில் ஏறுவதும், பரணிலுள்ள பெட்டி தக்க இடம் போய்ச் சேருவதும் ஒன்றாகா. உலக முழுவதிலும் 2022ல் சேர்ந்த இத்தகைய கழிவு 6 கோடியே 20 லட்சம் டன்; அதில் முறைப்படி சேகரித்துப் பக்குவம் செய்யப்பட்டதாகக் கணக்கில் ஏறியது 100க்கு 22 பங்கே.

ஜனங்களுக்கு எட்டும் தூரத்தில் இடம் இருந்தால் அவர்கள் கொடுக்கத் தயங்கார். ஜப்பானில் 2017 முதல் 2019 வரை பழைய சாமான்களை நாடெங்கும் சேகரித்தனர். அவற்றில் செல்போன்கள் மட்டும் சுமார் 62 லட்சம். அவற்றினின்று எடுத்த தங்கம், வெள்ளி, வெண்கலத்தால் டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்களுக்கு வேண்டிய சுமார் 5,000 பதக்கங்களையும் செய்தனர்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இதுதான். ஒவ்வொரு வார்டிலும் நிரந்தரமான சேகரிப்பு நிலையம் ஏற்படவேண்டும். அதன் செலவைக் கம்பெனிகள் ஏற்கவேண்டும். தெருத்தெருவாகச் செல்லும் பழைய சாமான் வியாபாரியை விரட்டலாகாது. வீட்டு வாசலை எட்டக்கூடியவர் அவர் ஒருவரே. சாமானை உடைக்காமல் முழுசாக ஒப்படைத்தால், உடைத்து விற்பதைக்காட்டிலும் கூடுதலான தொகை அவருக்குக் கிடைக்கும்படி செய்க.

குடும்பஸ்தர்களுக்கும் கடமையுண்டு. பழுது பார்க்கக்கூடியதை முதலில் பழுது பாருங்கள். ஓடுகிற நிலையிலுள்ளதை, சொந்த விஷயங்களை அழித்துவிட்டு, வேண்டியவருக்குக் கொடுங்கள். எதற்கும் உதவாததைப் பதிவு பெற்ற நிலையத்தில் சேருங்கள். பாட்டரியை ஒருபோதும் குப்பைத் தொட்டியில் போடவேண்டாம், நசுங்கினால் தீப்பற்றும். இலவசமாகப் பெட்டி கொடுக்கச் சர்க்காரால் முடிந்தது; அதைத் திரும்பப் பெற முடியாதென்று சொல்வதை எவரும் ஒப்புக்கொள்ளார்.