கோவேறு கழுதைகளும் வெளிநாட்டுப் பயணிகளும்: மொரோக்கோ மலைக் கிராமங்களின் நடைச் சுற்றுலா

சுற்றுலாத்துறை என்றதும் எமது வியாபாரிகளின் நினைவுக்கு வருவது கடற்கரையில் எழும்பும் பெரிய ஹோட்டல்தான். அதற்குக் காணி வேண்டும், வங்கிக் கடன் வேண்டும், நீச்சல் தடாகம் வேண்டும். இவை எதுவுமின்றி மண் வீடுகளையும் வால்நட் மரங்களையும் கோவேறு கழுதைகளையும் வைத்துக்கொண்டு பல தசாப்தங்களாக வெளிநாட்டவர்களை வரவேற்றுவரும் முஸ்லிம் கிராமங்கள் மொரோக்கோவில் இருக்கின்றன. அங்கே பணம் எப்படி வருகிறது, கடைசியில் யாருடைய கையில் நிற்கிறது என்று கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

மராகிஷ் நகரிலிருந்து தெற்கே சுமார் 65 கிலோமீற்றர் போனால் இம்லில் என்ற கிராமம். கடல் மட்டத்திலிருந்து 1740 மீற்றர் உயரம். அதற்கு மேலே நிற்பது வட ஆபிரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான துப்கால், 4167 மீற்றர். (எமது பிதுருதாலகால மலை 2524 மீற்றர்தான்.) இங்கு வாழ்பவர்கள் அமாஸிக் மக்கள். வெளியார் இவர்களை பேர்பர் என்பார்கள். மலைச்சரிவைப் படிகளாக வெட்டி பார்லியும் ஆப்பிளும் செரியும் வால்நட்டும் பயிரிடுகிறார்கள். நீர்ப்பாசன முறையையும் மேய்ச்சல் நிலத்தையும் ஊர்ச் சபையே ஒழுங்குபடுத்துகிறது. அந்தச் சபைக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'ஜமாஅ'. எமது ஊர்களில் பள்ளிவாசல் ஜமாஅத் என்கிறோமே, அதே அரபுச் சொல்தான்.

நடைச் சுற்றுலா என்பது இதுதான்: பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழு ஒரு வழிகாட்டியுடன் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் நடக்கிறது. இம்லிலில் புறப்பட்டு, 2279 மீற்றர் உயரத்திலுள்ள தமாதர்த் கணவாயைக் கடந்து தஷெத்தீர்த் கிராமம் போகலாம். அல்லது மறுபக்கம் திரும்பி மிஸிக் கணவாய் வழியாக அஸதேன் பள்ளத்தாக்குக்கு இறங்கலாம். இரவில் கிராமத்து வீடொன்றில் பாய் விரித்த மண்டபத்தில் தங்கல். தாஜீன் கறி, வீட்டு ரொட்டி, சீனி தாராளமாகப் போட்ட புதினா தேநீர். மறுநாள் அடுத்த கிராமம்.

குழு ஏன் சிறியதாக இருக்கிறது? பயணிகளின் வசதிக்காக என்றுதான் விளம்பரங்கள் சொல்லும். உண்மையில் கிராமத்தின் கொள்ளளவே அதைத் தீர்மானிக்கிறது. ஒரு வீட்டு அடுப்பில் பதினைந்து பேருக்குமேல் சமைப்பது கடினம். பாதையில் பஸ் போகாது. பொதி முழுவதும் கோவேறு கழுதையில்தான் போக வேண்டும். இரண்டு பயணிகளின் பைகளை ஒரு கழுதை சுமக்கிறது என்று கணக்குப் போடுவோம். பன்னிரண்டு பேருக்கு ஆறு கழுதைகள், ஆறு ஓட்டிகள். சமையற்காரர் ஒருவர், வழிகாட்டி ஒருவர். பன்னிரண்டு விருந்தாளிகளுக்கு எட்டுப் பேருக்கு வேலை. இந்த விகிதத்தில் உள்ளூர் ஆட்களுக்கு வேலை கொடுக்கும் கடற்கரை ஹோட்டல்கள் எத்தனை என்று வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். கோவேறு கழுதை சுற்றுலாவுக்கென்று வாங்கப்பட்ட முதலீடும் அல்ல. அறுவடைக் காலத்தில் அதே கழுதை வயலில் நிற்கும், சந்தை நாளில் சந்தைக்குப் போகும். பயணிகள் வராத மாதங்களில் அது நட்டத்தில் கிடப்பதில்லை. சீசன் முடிந்தால் வட்டியை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் ஹோட்டல் முதலாளிக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பயணி தனது ஊரிலேயே, லண்டனிலோ பாரிஸிலோ, பயணக் கம்பனிக்கு முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறார். அந்தக் கம்பனி தனது விளம்பரச் செலவையும் இலாபத்தையும் எடுத்துக்கொண்டு மராகிஷில் உள்ள முகவருக்கு ஒரு தொகையை அனுப்புகிறது. முகவர் தனது பங்கை எடுத்துக்கொண்டு வழிகாட்டி, வீட்டுக்காரர், கழுதை ஓட்டிகள் ஆகியோருக்குக் கொடுக்கிறார். இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணி கழுதை ஓட்டிதான். அவருக்கு நாட்கூலி, கூடவே பயணம் முடியும்போது குழுவினர் சேர்த்துக் கொடுக்கும் சந்தோசப் பணம். கூலியைக் குறைத்து, சந்தோசத்தை நம்பச் சொல்லும் கம்பனிகள் எந்த நாட்டிலும் உண்டு. நான் இதைக் கூலி என்று ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

வழிகாட்டிகளின் நிலை வேறு. மலை வழிகாட்டிகளைப் பயிற்றுவிக்க ஐத் பூகெம்மேஸ் பள்ளத்தாக்கிலுள்ள தபாந்தில் 1980களில் ஒரு அரசாங்க நிலையம் அமைக்கப்பட்டது. அங்கு தேர்ச்சி பெற்று அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர் பேரம் பேசும் பலத்தோடு இருக்கிறார். ஒரே மலையில், ஒரே பாதையில் நடக்கும் இருவரில் ஒருவரிடம் சான்றிதழ் இருக்கிறது, மற்றவரிடம் கழுதை இருக்கிறது; வருமானத்தின் வித்தியாசம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தேவை பெருகியதற்குக் காரணம் மலையில் இல்லை, விமான நிலையத்தில் இருக்கிறது. 2006 டிசம்பரில் மொரோக்கோ ஐரோப்பிய ஒன்றியத்துடன் திறந்த வான்வெளி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மலிவுக் கட்டண விமானங்கள் மராகிஷுக்கு அதிகமாக வரத் தொடங்கின. ஒரு வார லீவில் வந்து நடந்துவிட்டுத் திரும்புவது சாதாரண சம்பளக்காரருக்கும் சாத்தியமாயிற்று.

பணத்தை ஊரிலேயே நிறுத்துவதற்கு இம்லில் ஒரு வழி கண்டது. ஊருக்கு மேலே பாழடைந்து கிடந்த பழைய கோட்டை வீட்டை இரண்டு பிரித்தானிய சகோதரர்கள் உள்ளூர்ப் பங்காளி ஒருவருடன் சேர்ந்து புதுப்பித்து, 1995ஆம் ஆண்டு 'கஸ்பா து துப்கால்' என்ற தங்குமிடமாகத் திறந்தார்கள். ஊராரின் உணர்வை மதித்து அங்கு மது விற்பதில்லை. விருந்தினரின் பில்லில் 5 வீதம் சேர்த்து அறவிட்டு ஊர்ச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் அம்பியுலன்ஸ் வந்தது, பொது ஹம்மாம் வந்தது, குப்பை அகற்றும் ஏற்பாடு வந்தது. தூரம் காரணமாக இடைநிலைக் கல்வியைத் தொடர முடியாதிருந்த மலைக் கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்காக 2007இலிருந்து அஸ்னி நகரில் விடுதிகள் திறக்கப்பட்டதும் இந்தத் தொடர்புகளின் பயனாகத்தான். 5 வீதம் பெரிய தொகையல்ல. ஆனால் அது இலாபத்தில் மிஞ்சினால் கொடுப்பதாக இல்லாமல், பில்லிலேயே எழுதப்பட்டிருந்தது.

இனி ஆபத்துகளைப் பார்ப்போம். 2018 டிசம்பரில் இம்லிலுக்கு அருகே கூடாரமடித்துத் தங்கியிருந்த இரண்டு ஸ்கண்டிநேவிய இளம் பெண்கள் பயங்கரவாதிகளால் கொல்லப்பட்டனர். அதன்பின் துப்கால் செல்லும் வழியில் சோதனைச் சாவடிகள் போடப்பட்டன. அனுமதி பெற்ற வழிகாட்டியில்லாமல் சிகரத்துக்கு ஏறுவது தடுக்கப்பட்டது. 2020இல் கொவிட் வந்து எல்லைகள் மூடப்பட்டன. கழுதை ஓட்டிக்கு ஓய்வூதியமோ நட்டஈட்டுக் காப்புறுதியோ கிடையாது. வயல் இருந்தவர்கள் வயலுக்குப் போனார்கள்.

பெரிய அடி 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி இரவு விழுந்தது. அல்ஹவுஸ் மாகாணத்தை மையமாகக் கொண்டு 6.8 அளவில் பூமி அதிர்ந்தது. 2,900க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்ணாலும் கல்லாலும் கட்டிய வீடுகள் இடிந்து பல கிராமங்கள் தரைமட்டமாயின. முற்றாக இடிந்த வீட்டுக்கு 140,000 திர்ஹமும் பகுதியளவில் சேதமான வீட்டுக்கு 80,000 திர்ஹமும் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. அடுத்த மாதமே உலக வங்கி, சர்வதேச நாணய நிதியம் ஆகியவற்றின் வருடாந்தக் கூட்டம் திட்டமிட்டபடி மராகிஷில் நடந்தது. நாடு திறந்திருக்கிறது என்று உலகுக்குக் காட்ட அது உதவியது. 2024இல் மொரோக்கோவுக்கு 1 கோடி 74 இலட்சம் பேர் வந்ததாக அரசாங்கம் கணக்குக் காட்டியது. மலைக்கும் பயணிகள் திரும்பினார்கள்.

ஆனால் அவர்கள் பார்க்க வருவது எதை? சுட்டெரிக்கும் வெயிலிலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும் மண் வீட்டை. வீட்டுக்காரருக்கோ இப்போது வேண்டியது அடுத்த அதிர்வில் பிள்ளைகள் மேல் விழாத சுவர். சீமெந்துக் கற்களை அடுக்கிக் கட்டினால் கையிலுள்ள தொகைக்குள் விரைவாகக் குடியேறலாம். ஆனால் பனிக்காலத்தில் குளிரும், கோடையில் கொதிக்கும், பயணியும் அதைப் படம் பிடிக்க மாட்டார். மண்ணையே பலப்படுத்திக் கட்டும் முறைகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தேர்ந்த மேசனும் மேற்பார்வையும் கூடுதல் நாட்களும் தேவை. அந்தக் கூடுதல் செலவை லண்டனில் டிக்கெட் விற்கும் கம்பனி ஏற்குமா, பயணி ஏற்பாரா, அல்லது மண் வீட்டு அழகை விற்றுப் பிழைக்கும்படி வீட்டுக்காரரின் தலையிலேயே சுமத்தப்படுமா என்று பெரும்பாலான பயண விளம்பரங்களில் ஒரு வரிகூட இல்லை.