நிழலே ஆசான்

நேரத்தை அறிய நாம் மணிக்கூட்டைப் பார்க்கிறோம். அந்த மணிக்கூடு எதைப் பார்த்து நேரத்தை அறிந்தது என்று கேட்பதில்லை. வானநூல் என்றதும் தொலைநோக்கியும் உயர்கணிதமும் வேண்டுமே என அஞ்சி ஒதுங்கும் மாணவர் பலரை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நான் கூறுவது ஒன்றே: நேரிய கோல் ஒன்றும் வெயில் படும் முற்றமும் இருந்தாற் போதும்.

மூன்றடிக் கோலொன்றைச் சமநிலத்திற் செங்குத்தாக நாட்டுங்கள். அதன் உயரத்தையே ஆரையாகக் கொண்டு, அடியைச் சுற்றி ஒரு வட்டம் கீறுங்கள். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உட்புகும் இடத்தையும், பிற்பகலில் மீண்டும் தொட்டு வெளியேறும் இடத்தையும் குறியுங்கள். அவ்விரண்டையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்கு. மையத்தினூடே அதற்குச் செங்குத்தாகச் செல்லும் கோடு வடக்குத் தெற்கு. இந்த இரண்டாவது கோட்டில் நிழல் விழும் கணமே உண்மையான நண்பகல். அரண்மனை வகுப்போர் கோல் நாட்டி, நிழல் நோக்கித் திசை குறித்த செய்தி நெடுநல்வாடையில் வருகிறது. ஆகவே, இது நமக்குப் புதிய வித்தையன்று; நாம் மறந்த வித்தை.

அந்த நண்பகலில் மணிக்கூட்டைப் பாருங்கள். பன்னிரண்டு மணி இராது! நமது நியம நேரம் 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்குரியது. நான் வாழும் யாழ்ப்பாணமோ 80 பாகையில் உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடமாகச் சூரியன் இங்கே பத்து நிமிடம் பிந்தியே உச்சிக்கு வருகிறது. பூமியின் பாதை நீள்வட்டமாகவும் அதன் அச்சுச் சாய்ந்தும் இருப்பதால் வேறொரு மாறுதலும் சேர்கிறது. நவம்பர் தொடக்கத்தில் 11.54க்கே உச்சியாகும், பெப்ரவரி நடுவில் 12.24 வரை காத்திருக்க வேண்டும்.

மணிக்கூட்டு நேரம் மனிதர் செய்துகொண்ட உடன்படிக்கையே. 1996 மே மாதம் இலங்கையின் நியம நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கியது. 2006 ஏப்ரலிற் பழைய நிலைக்குத் திரும்பியது. முற்றத்து நிழல் இந்த ஆணைகள் எதற்கும் அசையவில்லை.

'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்று பரீட்சையில் எழுதுகிறோம். அது நேர்கிழக்கில் உதிப்பது மார்ச் 21, செப்டெம்பர் 23 ஆகிய நாள்களையொட்டி மட்டுமே. ஏப்ரல் 15, ஓகஸ்ட் 28 ஆகிய நாள்களையொட்டி யாழ்ப்பாணத்தில் நண்பகல் நிழல் கோலின் அடியிலேயே மறைந்துவிடும். அவற்றிற்கு இடைப்பட்ட மாதங்களில் அது தெற்கு நோக்கி விழும். மற்றைய மாதங்களில் வடக்கு நோக்கி விழும். இதைப் பாடமாக்கிய மாணவனுக்கும் கண்ணாற் கண்ட மாணவனுக்கும் உள்ள தூரம் பெரிது.

இனி நிழற்கடிகாரம் செய்வோம். வட்டப் பலகை ஒன்றின் இரு பக்கத்தையும் மணிக்குப் பதினைந்து பாகையாகப் பிரித்து, நடுவே கம்பியொன்றைச் செங்குத்தாகச் செருகுங்கள். கம்பியின் ஒரு முனை வடக்கு நோக்கி, நிலத்திலிருந்து 9⅔ பாகை உயர்ந்திருக்கட்டும். அதுவே யாழ்ப்பாணத்தின் அகலக்கோடு. காலிக்கு 6 பாகை போதும். 27 பாகையிலுள்ள ஜெய்ப்பூரில் இரண்டாம் சவாய் ஜெயசிங் மன்னர் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய சாம்ராட் யந்திரத்தின் சாய்வும் அவ்வூர் அகலக்கோட்டின் அளவே. மார்ச் முதல் செப்டெம்பர் வரை நிழல் பலகையின் வடமுகத்திலும், பின்னர் தென்முகத்திலும் விழும்.

அந்தக் கம்பி எதைச் சுட்டுகிறது? இரவில் விடை கிடைக்கும். வைகாசி முன்னிரவிற் சப்தரிஷி மண்டலத்தின் புலகரிலிருந்து கிரதுவுக்கு ஒரு கோடு கற்பித்து, அதை ஐந்து மடங்கு நீட்டுங்கள். துருவ நட்சத்திரத்தை அடைவீர்கள். நீட்டிய கையின் முட்டியளவு உயரத்தில், அடிவானத்தருகே அது மங்கலாகத் தெரியும். பகலின் கம்பியும் இரவின் துருவமும் ஒரே அச்சையே காட்டுகின்றன.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சூரியனை வெறுங்கண்ணால் நோக்கலாகாது என்பதை மாணவர்க்கு முதலிற் கூறுங்கள். நிழலைப் பார்ப்பதில் அந்த ஆபத்தில்லை. பின்னர் பாடசாலை முற்றத்திற் கோலொன்று நாட்டி, கிழமைக்கு ஒருமுறை சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நிழலின் நுனியைக் குறிக்கச் செய்யுங்கள். ஓராண்டு முடிவில் அப்புள்ளிகள் 8 என்னும் இலக்கத்தின் வடிவில் அமையும். அதைத் தம் கையால் வரைந்த பிள்ளைகள், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதை எவர் சொல்லியும் நம்பவேண்டியதில்லை.